வாசகர் கேள்வி – பதில்: சர்க்கரை விலையும் பதினேழு இலக்குகளும்

சென்ற இதழில் ஐ.நா.வின் பதினேழு நிலைத்த வளர்ச்சி இலக்குகளைப் பற்றி அரைப்பக்கக் குறிப்பு ஒன்று எழுதியிருந்தேன். அந்த இலக்குகளை எட்டுவதற்கு வளரும் நாடுகளுக்குப் பிறர் எவ்வாறு கைகொடுக்க முடியும் என்பதே அதன் பொருள். அந்த அரைப்பக்கத்துக்கு வந்த கடிதங்கள் என் மேசையின் ஒரு மூலையை நிறைத்துவிட்டதால், இம்மாதப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன். வேறு பொருள்களைக் கேட்டு எழுதியவர்கள் ஒரு மாதம் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: ஐயா, எங்கள் வகுப்பறைச் சுவரில் பதினேழு வண்ணக் கட்டங்கள் கொண்ட ஐ.நா. படம் ஒன்று தொங்குகிறது. “டீச்சர், இது ஏழை நாடுகளுக்குக் கொடுத்த வீட்டுப்பாடமா?” என்று ஒரு மாணவன் கேட்டான். அவனுக்கு என்ன சொல்வது?
– தமிழாசிரியை ஒருவர், ரோஸ் ஹில்

பதில்: அவனுடைய ஐயத்தில் பாதி நியாயம் இருக்கிறது, அம்மா. 2000-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட எட்டுப் புத்தாயிர இலக்குகள் ஏறக்குறைய அப்படிப்பட்ட வீட்டுப்பாடமாகவே இருந்தன. செல்வ நாடுகள் வினாத்தாளை எழுதின, ஏழை நாடுகள் விடை எழுதின. அவற்றின் காலம் முடிந்தபோது, 2015 செப்டம்பரில் ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகளும் ஏற்றுக்கொண்ட 17 இலக்குகளும், அவற்றின் கீழ் வரும் 169 குறிக்கோள்களும் எல்லா நாட்டுக்கும் பொதுவானவை. 2030 வரை நார்வேயும் நைஜரும் ஒரே தேர்வைத்தான் எழுதுகின்றன.

சுவர்ப்படத்தில் தெரியாத ஒன்றை மாணவர்களுக்கு நீங்கள் காட்டலாம். குறிக்கோள்களின் முழுப் பட்டியலை எடுத்துப் பார்த்தால், சிலவற்றுக்கு 3.1, 3.2 என்று எண்கள் இருக்கும், சிலவற்றுக்கு 4.பி, 10.சி, 13.ஏ என்று எழுத்துகள் இருக்கும். எண் கொண்டவை எதை அடைய வேண்டும் என்று சொல்கின்றன. எழுத்துக் கொண்டவையோ எந்த வழியில், யார் செலவில் என்று சொல்கின்றன. அவற்றில் பல, வசதி படைத்த நாடுகள் பிற நாடுகளுக்குக் கொடுத்த வாக்குகள். எடுத்துக்காட்டாக, 13.ஏ என்பது பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ள வளரும் நாடுகளுக்கு 2020-க்குள் ஆண்டுக்கு 100 பில்லியன் டாலர் திரட்டித் தருவோம் என்ற வாக்கு. அந்தத் தொகை இரண்டு ஆண்டு தாமதமாக 2022-இல்தான் எட்டப்பட்டது என்று அந்நாடுகளின் சொந்தக் கணக்கே கூறுகிறது. பதினேழாவது இலக்கு முழுவதுமே இத்தகைய வாக்குகளின் தொகுப்பு என்று சொல்லலாம்: நிதி, தொழில்நுட்பம், வணிகம், கடன், புள்ளிவிவரம். வீட்டுப்பாடம் இரண்டு தரப்புக்கும் உண்டு என்றும், ஒரு தரப்பினரின் நோட்டைத்தான் ஆசிரியர் அடிக்கடி திறந்து பார்க்கிறார் என்றும் அந்த மாணவனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: நம் மொரீசியஸ் தீவு யாருடைய உதவியால் முன்னேறியது? “நாம் பாடுபட்டு வந்தோம்” என்கிறான் என் பேரன். “ஐரோப்பா சர்க்கரைக்குக் கொடுத்த விலைதான் எல்லாம்” என்கிறார் என் நண்பர். நான் நாற்பது ஆண்டு கரும்பு பயிரிட்டவன். எனக்கே விளங்கவில்லை.
– ஓய்வு பெற்ற சிறு விவசாயி, திரியோலே

பதில்: ஐயா, உங்களுக்கு விளங்காதது எனக்கு முழுவதும் விளங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் இந்தக் கேள்விக்குத்தான் இம்மாதம் அதிக இடம் கொடுக்க விரும்புகிறேன், ஏனென்றால் வளரும் நாட்டுக்கு எவ்வகை உதவி பயன்படும் என்பதற்கு நம் வீட்டுக் கதையைவிட நல்ல சான்று வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

1960 பிப்ரவரியில் கரோல் புயல் வீடுகளையும் கரும்பையும் வாரிக்கொண்டு போன மறு ஆண்டு, பிரித்தானியப் பொருளியலாளர் ஜேம்ஸ் மீட் நம் நாட்டைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். ஒரே பயிர், மிக வேகமாகப் பெருகும் மக்கள்தொகை, பல இனங்கள், வேலை இல்லாத இளைஞர்கள்: இவற்றைக் கணக்கிட்டு, அமைதியான வளர்ச்சிக்கு வாய்ப்புக் குறைவு என்று அவர் முடித்தார். அவர் பின்னாளில், 1977-இல், நோபல் பரிசு பெற்றவர். கணக்குத் தெரியாதவர் அல்லர். அவருடைய கணிப்பு பொய்த்ததற்குக் காரணங்கள் பல. அவற்றில் சில வெளியிலிருந்து வந்தவை, சில நாமே செய்துகொண்டவை, ஒன்றிரண்டு வெறும் நற்பேறு.

வெளியிலிருந்து வந்தவற்றில் முதலில் சொல்ல வேண்டியது மலேரியா ஒழிப்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடு வீடாக மருந்து தெளித்தார்கள். தெளிப்பவர்கள் வரும் நாளில் அம்மா பாத்திரங்களையெல்லாம் முற்றத்தில் எடுத்து அடுக்கி வைத்ததும், அன்று முழுவதும் வீடு ஒரு விதமாக நாறியதும் எனக்கு நினைவிருக்கிறது. 1973-இல் உலக சுகாதார நிறுவனம் மொரீசியஸை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இரண்டே ஆண்டில், 1975-இல், ஜெர்வெஸ் புயலுக்குப் பின் நோய் திரும்பி வந்தது. இரண்டாம் முறை அதை ஒழித்தது பெரும்பாலும் நம்மவர்களே. அதற்குள் பயிற்சி பெற்ற நம் சுகாதாரப் பணியாளர்கள் இருந்தார்கள், ஆய்வுக்கூடம் இருந்தது, தெரு தெருவாக வைத்திருந்த பதிவேடு இருந்தது. இன்றும் மலேரியா உள்ள நாட்டிலிருந்து வந்து இறங்குபவரின் முகவரியைக் குறித்துக்கொண்டு, பிறகு வீட்டுக்கே வந்து இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்களே, அது அந்தப் பழைய உதவி இங்கே வேர் பிடித்து நின்றதன் அடையாளம்.

அடுத்தது, உங்கள் நண்பர் சொல்லும் சர்க்கரை. 1975-இல், ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகளோடு ஐரோப்பா செய்த லோமே உடன்படிக்கையோடு சேர்ந்து கையெழுத்தான சர்க்கரை ஒப்பந்தத்தின்படி, நம்மிடமிருந்து ஆண்டுதோறும் ஏறத்தாழ ஐந்து இலட்சம் டன் சர்க்கரையை உறுதியான விலையில் வாங்கிக்கொள்ள ஐரோப்பா ஒப்புக்கொண்டது. ஒப்பந்தத்தில் பங்குபெற்ற எல்லா நாடுகளின் ஒதுக்கீட்டிலும் நம்முடையதே பெரியது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அந்தச் சமயத்தில் உலகச் சந்தையில் சர்க்கரை விலை உச்சத்தில் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. ஒப்பந்தத்தைத் தள்ளிவிட்டு வெளிச்சந்தையில் விற்றால் உடனடியாக அதிகம் கிடைக்கும் என்ற ஆசை பலருக்கு இருந்தது. வேளாண் அமைச்சராக இருந்து பேச்சுவார்த்தை நடத்திய சத்காம் பூலெல் போன்றோர், இன்றைய கொழுத்த விலையைக் காட்டிலும் நாளைய நிலையான விலையே மேல் என்று முடிவு செய்தார்கள். சந்தை விலை விரைவில் சரிந்தது. பிந்திய பல ஆண்டுகளில் ஐரோப்பா கொடுத்த விலை உலக விலையைப் போல் இரண்டு மூன்று மடங்காக இருந்தது.

இதை உதவி என்று எண்ணாதவர்கள் உண்டு, ஏனெனில் இதில் நன்கொடை என்ற சொல்லே இல்லை. நான் இதைத்தான் சிறந்த உதவி என்பேன். பணம் இன்ன திட்டத்துக்கு, இன்ன நாட்டு வல்லுநரை வைத்து, இன்ன இயந்திரத்தை வாங்கி என்று கட்டுப்படுத்தப்பட்டு வரவில்லை. விற்றவரின் கைக்கு விலையாக வந்தது. அரசு அதன்மேல் ஏற்றுமதி வரி விதித்தது. அந்த வரியையும் பிற வருவாயையும் கொண்டு பள்ளி, மருத்துவமனை, முதியோர் ஓய்வூதியம் ஆகியவற்றை நடத்தியது. அடுத்த ஆண்டு எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரிந்ததால் திட்டமிட முடிந்தது. தோட்ட முதலாளிகளின் கையில் தங்கிய இலாபத்தில் ஒரு பகுதி ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளிலும் கடற்கரை ஓட்டல்களிலும் முதலீடாக இறங்கியது.

உங்கள் பேரன் சொல்வதும் இங்கேதான் பொருந்துகிறது. பேராசிரியர் எட்வார்ட் லிம் ஃபாட் போன்றோர் வலியுறுத்திய ஏற்றுமதி மண்டலத்துக்கு, அதாவது ஏற்றுமதிக்கென்றே சலுகையோடு ஆலைகள் நடத்தும் ஏற்பாட்டுக்கு, 1970-இல் சட்டம் இயற்றியது நாம். குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தை 1957-இல் தொடங்கியதும், கத்தோலிக்கர்களுக்கு ஏற்ற வழியில் அதே பணியைச் செய்ய 1963-இல் வேறொரு சங்கத்தைத் தொடங்கியதும் இங்குள்ளவர்களே. இடைநிலைக் கல்வியை 1977-இல் இலவசமாக்கியதும் நம் அரசு. ‘கட்டுப்படியாகாத செலவு’ என்று அன்று பலர் எச்சரித்தார்கள். அந்தக் கல்வி இல்லாமல், 1980-களின் இறுதியில் ஏற்றுமதி மண்டலத்தில் வேலை செய்த ஏறத்தாழ 90,000 பேரின் பிள்ளைகள் வங்கிக்கும் அலுவலகத்துக்கும் போயிருக்க முடியாது. நற்பேறு என்றேனே, அது ஹாங்காங் முதலாளிகள். அவர்களுடைய நாட்டுத் துணிக்கு மேலைநாடுகள் அளவு நிர்ணயித்திருந்ததால், அந்த அளவு நிரம்பாத நாடு ஒன்றைத் தேடி இங்கு வந்தார்கள். கசப்பான பக்கமும் உண்டு: தொடக்கத்தில் அந்த ஆலைகளில் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த ஊதியமே சட்டப்படி நிர்ணயிக்கப்பட்டிருந்தது. நம் வீட்டுப் பெண்களின் அந்த உழைப்பை ‘உதவி’க் கணக்கில் எவரும் எழுதுவதில்லை.

சர்க்கரை ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி இல்லை என்று நம்பியிருந்தோம். 2006 தொடங்கி நான்கு ஆண்டுகளில் ஐரோப்பா தன் சர்க்கரை விலையை 36 விழுக்காடு குறைத்தது. 2009-இல் ஒப்பந்தமே முடிந்தது. ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடி இன்று மூன்றே நிற்கின்றன. நாற்பது ஆண்டு பயிரிட்ட உங்களுக்கு அந்தக் காலத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: வளர்ந்த நாடுகள் தம் வருமானத்தில் 0.7 விழுக்காட்டை வழங்குவதாகச் சொன்னார்களாமே, வழங்கினார்களா? வழங்கினால் இலக்குகள் நிறைவேறுமா?
– பல்கலைக்கழக மாணவர், ரெதுயி

பதில்: முதல் கேள்விக்கு விடை எளிது. 1970 அக்டோபரில் ஐ.நா. பொதுச்சபை அந்த 0.7 விழுக்காட்டை, அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதிக்குள் எட்ட வேண்டிய அளவாகத் தீர்மானித்தது. 2024-இல் உதவி வழங்கும் நாடுகளின் சராசரி 0.33 விழுக்காடு. டென்மார்க், லக்சம்பர்க், நார்வே, சுவீடன் ஆகிய நான்கு மட்டுமே வரம்பைத் தாண்டின. அந்த ஆண்டு மொத்த உதவி முந்தைய ஆண்டைவிட 7.1 விழுக்காடு குறைந்து ஏறத்தாழ 212 பில்லியன் டாலராக நின்றது. 2025-இல் அமெரிக்கா தன் உதவி நிறுவனத்தையே மூடிவிட்டது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: செல்வ நாட்டுக்குள் வந்து சேரும் அகதிகளுக்கு முதல் ஆண்டில் அந்நாடு தன் மண்ணிலேயே செய்யும் செலவையும் வளர்ச்சி உதவி என்று கணக்கில் சேர்க்க விதி இடம் தருகிறது. தன் வீட்டு அடுப்புக்கு வாங்கிய விறகை அண்டை வீட்டாருக்குக் கொடுத்ததாக எழுதி வைப்பதைப் போன்றது இது.

இரண்டாவது கேள்வி கடினம். வளரும் நாடுகள் இலக்குகளை எட்ட ஆண்டுதோறும் குறைபடும் தொகை ஏறத்தாழ 4 டிரில்லியன் டாலர் என்று ஐ.நா. மதிப்பிடுகிறது. 0.7 விழுக்காட்டை முழுமையாகக் கொடுத்தாலும் அந்தப் பள்ளம் நிரம்பாது. உதவியாக உள்ளே வருவதையும் வட்டியாக வெளியே போவதையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: 2024-இல் வளரும் நாடுகள் தம் அரசுக் கடனுக்குக் கட்டிய நிகர வட்டி மட்டும் 921 பில்லியன் டாலர். கல்விக்கோ மருத்துவத்துக்கோ செலவிடுவதைவிட வட்டிக்கு அதிகம் செலவிடும் நாடுகளில் 340 கோடி மக்கள் வாழ்கிறார்கள். கோவில் திருப்பணிக்குக் கடன் வாங்கி, உண்டியலில் விழுவதையெல்லாம் வட்டிக்கே கட்டும் சபை எந்தக் காலத்தில் கோபுரம் எழுப்பும்?

ஆகவே உதவியைப் பற்றிப் பேசும் எவரும் கடனைப் பற்றிப் பேசாமல் தப்பிக்கக் கூடாது. நம் பக்கத்துப் பெருநிலத்தில் சாம்பியா 2020 நவம்பரில் கடன் தவணையைக் கட்ட முடியாமல் நின்றது. கடன் கொடுத்த அரசுகள் ஒரு பக்கம், சீனா ஒரு பக்கம், பத்திரம் வாங்கிய தனியார் முதலீட்டாளர்கள் ஒரு பக்கம் என்று ஒவ்வொருவரும் மற்றவர் முதலில் விட்டுக்கொடுக்கட்டும் என்று காத்திருக்க, பத்திரக்காரர்களோடு உடன்பாடு முடிந்தது 2024-இல். மூன்றரை ஆண்டு! ஒரு குழந்தை பிறந்து, நடந்து, பாலர் பள்ளிக்குப் போகும் காலம் அது. 2025 ஜூன் இறுதியில் ஸ்பெயினின் செவில்லா நகரில் கூடிய வளர்ச்சி நிதி மாநாட்டில், கடன் வாங்கிய நாடுகள் தமக்குள் கூடிப் பேச ஓர் அமைப்பு வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். கடன் கொடுத்தவர்களுக்கு பாரிஸில் அப்படி ஒரு மன்றம் 1956 முதல் இருந்து வருகிறது என்பதை நினைத்தால், இது மிகத் தாமதமாக வந்த, ஆனாலும் வரவேற்க வேண்டிய முடிவு.

கேள்வி: வாகாஷியோ கப்பல் எங்கள் கடலில் எண்ணெயைக் கொட்டியபோது வைக்கோலும் தலைமுடியும் கொண்டு மிதவை தைத்தோம். அதே மாதம் உலக வங்கி நம்மை ‘உயர் வருமான நாடு’ என்று அறிவித்ததாகப் படித்தேன். உயர் வருமானம் என்றால் உதவி கிடைக்காதாமே?
– வாசகி, மஹேபூர்க்

பதில்: உங்கள் நினைவு ஏறக்குறைய சரியானது, அம்மா. 2020 ஜூலை முதல் வாரத்தில் அந்த அறிவிப்பு வந்தது. ஜூலை 25 அன்று கப்பல் பவளப்பாறையில் ஏறியது. ஆகஸ்ட் 6-இல் எண்ணெய் கசியத் தொடங்கியது. அந்தப் பட்டம் முந்தைய ஆண்டின் வருமானத்தை வைத்துத் தரப்பட்டது. கோவிட் நோய்த்தொற்றில் சுற்றுலா முடங்கியதால் மறு ஆண்டே பறிபோனது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அந்த வரம்புக்கு மேல் இருந்தால்தான் உதவி பெறும் நாடுகளின் பட்டியலிலிருந்து ஒரு நாட்டை நீக்குவார்கள். நாம் இன்னும் பட்டியலில் இருக்கிறோம். செஷல்ஸ் 2018-இல் வெளியேறியது.

நியாயம் எங்கே பிசகுகிறது என்றால், தலா வருமானம் ஒரு தீவின் செழிப்பைக் காட்டுமேயன்றி, ஒரே இரவில் அது எவ்வளவு இழக்கக்கூடும் என்பதைக் காட்டாது. ஒரு பெரிய நாட்டில் புயல் ஒரு மாநிலத்தைத் தாக்கினால் மற்ற மாநிலங்கள் தாங்கும். நமக்கு மற்ற மாநிலம் ஏது? இந்தக் குறையைத் தீர்க்கச் சிறு தீவு நாடுகள் முப்பது ஆண்டுகளாக வாதாடுகின்றன; 2005 ஜனவரியில் நம் தலைநகர் போர்ட் லூயிஸில் கூடிய ஐ.நா. மாநாடும் அதில் ஒரு கட்டம். 2024 ஆகஸ்டில்தான் பொதுச்சபை ‘பன்முகப் பாதிப்பு அளவுகோல்’ ஒன்றை ஏற்றது. புயல், தொலைவு, இறக்குமதிச் சார்பு முதலியவற்றையும் அது எண்ணிப் பார்க்கிறது. அளவுகோல் வந்துவிட்டது, அதை வைத்துத்தான் கடன் கொடுக்க வேண்டும் என்று எந்த வங்கிக்கும் கட்டாயம் வரவில்லை.

இதற்கிடையே நடைமுறையில் பலன் தந்த ஒன்றைச் சொல்கிறேன். பேரிடர் தாக்கினால் தவணையைச் சில காலம் நிறுத்தி வைக்கலாம் என்று கடன் பத்திரத்திலேயே ஒரு வரி எழுதிவிடும் முறை அது. பார்படோஸ் பிரதமர் மியா மோட்லி 2022 முதல் உலக நிதி விதிகளைச் சீர்திருத்த முன்வைக்கும் பிரிட்ஜ்டவுன் கோரிக்கைகளில் இதுவும் ஒன்று. 2024 ஜூலையில் பெரில் சூறாவளி கிரெனடாவைத் தாக்கியதும், அந்நாடு தன் பத்திரத்தில் இருந்த அந்த வரியைப் பயன்படுத்தித் தவணைகளை ஒத்திவைத்தது. பணம் கேட்டு யார் வாசலிலும் நிற்க வேண்டியிருக்கவில்லை. நம் நிதியமைச்சு அடுத்த முறை வெளிநாட்டில் கடன் வாங்கும்போது இந்த வரியைக் கேட்கிறதா என்று நாடாளுமன்றத்தில் யாராவது ஒருவர் கேட்கலாம்.

கேள்வி: நான் எபேனில் ஒரு நிதி நிறுவனத்தில் பணிபுரிகிறேன். ஆப்பிரிக்க நாடுகளின் வரியை மொரீசியஸ் உறிஞ்சுகிறது என்று வெளிநாட்டு இதழ்கள் எழுதும்போது கோபம் வருகிறது. நாம் சட்டப்படிதானே செய்கிறோம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: கோபத்தைச் சற்று ஆறவிட்டுப் படியுங்கள், தம்பி. சட்டப்படி செய்கிறோம் என்பது உண்மை. சட்டத்தை எழுதியவர்களில் நாமும் ஒருவர் என்பதும் உண்மை.

ஒரு நாடு தன் இலக்குகளைத் தன் காசில் எட்ட வேண்டுமானால் வரி வசூலிக்க வேண்டும், 17.1-ஆம் குறிக்கோளே அதுதான். ஆப்பிரிக்காவிலிருந்து ஆண்டுதோறும் முறைகேடாக வெளியேறும் தொகை ஏறத்தாழ 88.6 பில்லியன் டாலர் என்று ஐ.நா.வின் வணிக வளர்ச்சி மாநாடு 2020-இல் மதிப்பிட்டது. அதனோடு நம் நாட்டை நேராக முடிச்சுப் போட மாட்டேன், ஏனென்றால் ஒரே வருமானத்துக்கு இரு நாடுகளும் வரி போடாதிருக்கச் செய்துகொள்ளும் இரட்டை வரி ஒப்பந்தத்தைப் பயன்படுத்துவது முறைகேடு ஆகாது. ஆனால் விளைவைப் பாருங்கள். ஒரு நிறுவனம் செனகலில் தொழில் நடத்தியது என்று வைத்துக்கொள்ளுங்கள். இலாபத்தின் ஒரு பகுதியை வட்டி, உரிமத்தொகை, ஆலோசனைக் கட்டணம் என்று பெயரிட்டு எபேனில் உள்ள தன் கிளைக்கு அனுப்பியது. அப்போது இருந்த ஒப்பந்தம் அந்தத் தொகைக்குச் செனகல் வரி போடுவதைத் தடுத்தது அல்லது குறைத்தது. இங்கே நாமும், 2018-இல் தொடங்கிய சீர்திருத்தத்துக்கு முன்பு, இங்கே பதிவு செய்து வெளிநாடுகளில் தொழில் நடத்தும் ‘உலகளாவிய வணிக’ நிறுவனங்களிடம் நடைமுறையில் 3 விழுக்காடு வரைதான் வாங்கினோம். செனகல் தலைநகர் டகாரில் கட்ட வேண்டிய பள்ளிக்கான பணம் போர்ட் லூயிஸுக்கும் முழுதாக வந்து சேரவில்லை. வழியில் நாம் எடுத்துக்கொண்டது சுங்கச்சாவடிக் காசு மட்டும்.

அந்நாடுகள் கைகட்டிக்கொண்டு இருக்கவில்லை. தென்னாப்பிரிக்கா 2013-இல் நம்மோடு புதிய ஒப்பந்தம் போட்டது. இந்தியா 2016-இல் பழைய ஒப்பந்தத்தைத் திருத்தி, 2017 ஏப்ரல் முதல் பங்கு விற்பனை இலாபத்துக்குத் தானே வரி விதிக்கும் உரிமையை மீட்டுக்கொண்டது. கென்ய உயர் நீதிமன்றம் 2019-இல் தன் நாடு மொரீசியஸோடு செய்த ஒப்பந்தத்தைச் செல்லாததாக்கியது. செனகலும் சாம்பியாவும் 2020-இல் தம் ஒப்பந்தங்களிலிருந்து விலகின. அதே ஆண்டு பிப்ரவரியில் பன்னாட்டுப் பணமோசடித் தடுப்புக் குழு நம்மைக் கூடுதல் கண்காணிப்புக்குரிய நாடுகளின் ‘சாம்பல் பட்டியலில்’ வைத்தது. 2021 அக்டோபரில்தான் வெளியே வந்தோம். அதற்காக நாம் செய்த சீர்திருத்தங்கள் உண்மையானவை, அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை.

எதிர்வாதமும் இருக்கிறது: நிலையான சட்டமும் நம்பகமான நீதிமன்றமும் உள்ள ஓர் இடம் வழியாக வருவதால்தான் பல முதலீட்டாளர்கள் ஆப்பிரிக்காவுக்குள் துணிந்து பணம் போடுகிறார்கள் என்பது. இதில் உண்மை உண்டு. அந்தச் சேவைக்குக் கட்டணம் வாங்கலாம். அடுத்த வீட்டாரின் வரியைக் கட்டணமாக எடுக்கத் தேவையில்லை. நம்மிடம் நல்ல கணக்காய்வாளர்கள் இருக்கிறார்கள், பன்னாட்டு நிறுவனங்களின் கணக்கை உள்ளிருந்து அறிந்தவர்கள். ஏழை நாட்டு வரி அதிகாரிகளுக்கு அருகிலேயே அமர்ந்து பெரிய நிறுவனங்களின் கணக்கைத் தணிக்கை செய்யக் கற்றுத்தரும் ‘எல்லைகளற்ற வரி ஆய்வாளர்கள்’ என்ற திட்டம் 2015-இல் ஆடிஸ் அபாபாவில் தொடங்கியது. உங்களைப் போன்றவர்கள் ஓர் ஆறு மாதம் மடகாஸ்கரில் அப்படி உட்கார்ந்தால், நாம் அனுப்பக்கூடிய எந்த நன்கொடையையும்விட அது அந்நாட்டுக்கு அதிகம் தரும் என்பது என் துணிபு.

கேள்வி: ரெயூனியனில் வாழும் எங்களையும் இந்தக் கணக்கில் சேர்ப்பார்களா?
– வாசகர், செந்தாந்த்ரே

பதில்: உங்கள் தீவு பிரான்சின் ஒரு மாவட்டம், ஆகவே உதவி பெறும் நாடுகளின் பட்டியலில் அதற்கு இடமில்லை. பாரிஸ் தரும் பணத்துக்கு அரசு ஒதுக்கீடு என்று பெயர்.

ஆனால் உதவி வழங்கும் இடத்தில் ரெயூனியன் இருக்கிறது என்பதை உங்களவர்களே மறந்துவிடுகிறார்கள். கொமொரோஸ், மடகாஸ்கர், மொரீசியஸ், செஷல்ஸ் ஆகியவற்றோடு, ரெயூனியனுக்காகப் பிரான்சும் சேர்ந்த இந்தியப் பெருங்கடல் ஆணையம் 1980-களின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது. அலுவலகம் இங்கே எபேனில். 2005–06-இல் சிக்குன்குனியா உங்கள் தீவின் மக்களில் மூன்றில் ஒரு பங்கினரைப் படுக்க வைத்ததும், எங்களையும் விட்டுவைக்காததும் நினைவிருக்கும். கொசு கடவுச்சீட்டு காட்டிவிட்டு வருவதில்லை என்று அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. அதன் பின் அந்த ஆணையம் ஐந்து இடங்களின் நோய்க் கண்காணிப்பாளர்களையும் ஒரே வலையமைப்பில் இணைத்தது. ரெயூனியனின் மருத்துவமனையும் ஆய்வுக்கூடமும் அந்த வலையில் முக்கியமான முடிச்சு. ஒரு தீவில் காணும் காய்ச்சலை மற்ற தீவுகள் உடனே அறிந்துகொள்வது மூன்றாவது இலக்கில் 3.டி என்ற எழுத்தின் கீழ் வருகிறது. 2025-இல் சிக்குன்குனியா மீண்டும் உங்கள் தீவில் பரவியபோது அந்த ஏற்பாடு எத்தனை தேவை என்பது தெரிந்தது.

கேள்வி: 2030-க்குள் இதெல்லாம் முடியுமா?
– வாசகர், கூட்லாண்ட்ஸ்

பதில்: முடியாது. 2025-இல் வெளியான ஐ.நா. அறிக்கையின்படி, மதிப்பிட முடிந்த குறிக்கோள்களில் 35 விழுக்காடு மட்டுமே சரியான வழியிலோ ஓரளவு முன்னேற்றத்திலோ உள்ளன. 18 விழுக்காடு 2015-ஆம் ஆண்டின் நிலைக்கும் கீழே போய்விட்டன.

கேள்வி: எங்கள் கோவில் மாதர் குழு ஆண்டுதோறும் பழைய துணிகளைச் சேர்த்து மடகாஸ்கருக்கு அனுப்புகிறது. இதை இன்னும் பயனுள்ளதாக்க வழி சொல்லுங்கள்.
– குழுச் செயலாளர், காத்ர் போர்ன்

பதில்: நல்ல மனத்தோடு செய்வதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அம்மா. புயல் அடித்த வாரத்தில் துணி தேவைப்படும், அப்போது அனுப்புங்கள். மற்ற நாளில், மடகாஸ்கர் துணி தைத்து உலகுக்கு விற்கும் நாடு என்பதையும், அங்குள்ள ஆலைகளில் சில நம்மவர்களுடையவை என்பதையும் எண்ணிப் பாருங்கள். இலவசத் துணி மூட்டைகள் போய் இறங்கும் ஊரில் தையற்காரருக்குத்தான் வேலை குறையும். கப்பல் கூலிக்குக் கட்டும் பணத்தை அங்குள்ள ஒரு பள்ளிக்கோ மருந்தகத்துக்கோ அனுப்பி, எது வேண்டும் என்று அவர்களையே கேட்டு வாங்கச் சொல்லலாம்.

ஆனால் உங்களிடம் நான் கேட்க விரும்புவது வேறு. கடல் கடந்து போகாமலே செய்யக்கூடியது. உங்கள் கோவில் அன்னதானத்தில் வந்து உண்ணும் வங்காளதேச, மடகாஸ்கர், இந்தியத் தொழிலாளர்களைப் பார்த்திருப்பீர்கள். துணி ஆலையிலும் கட்டடத்திலும் பேக்கரியிலும் வேலை செய்பவர்கள். அவர்கள் ஊருக்கு அனுப்பும் பணம் ஒரு குடும்பத்தின் உணவு, பள்ளிக் கட்டணம், மருந்து. முதல் நான்கு இலக்குகளும் அந்த ஓர் உறைக்குள் அடங்கிவிடும். அவ்வாறு அனுப்புவதற்கு ஆகும் செலவு 3 விழுக்காட்டுக்குக் கீழ் வர வேண்டும், எந்த வழியிலும் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது 10.சி குறிக்கோள். உலக சராசரி 6 விழுக்காட்டுக்கும் மேல் நிற்கிறது. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவுக்கு அனுப்பும்போது அதனினும் அதிகம்.

பணம் அனுப்பும் முகப்பில் தரும் இரசீதில் இரண்டு எண்கள் இருக்கும்: கட்டணம் ஒன்று, மாற்று விகிதம் ஒன்று. தொழிலாளி கட்டணத்தை மட்டும் பார்ப்பார். பெரிய கடி பெரும்பாலும் மாற்று விகிதத்தில் மறைந்திருக்கும். அன்றைய வங்கி விகிதத்தோடு அதை ஒப்பிட்டால் உண்மையான செலவு தெரியும். ஞாயிறு பூசைக்குப் பிறகு கோவில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டு, இரண்டு மூன்று நிறுவனங்களின் அன்றைய விகிதத்தைப் பலகையில் எழுதி வைத்து, இரசீதைக் கொண்டு வருபவருக்குக் கணக்குப் பார்த்துச் சொல்ல உங்கள் குழுவில் கணக்குத் தெரிந்த இளம்பெண்கள் இருவர் போதும். வேலைக்கு வருவதற்காக ஊரில் தரகருக்கு எவ்வளவு கடன்பட்டார்கள் என்பதையும் அப்போது மெல்லக் கேட்டுக் குறித்து வையுங்கள். அந்தத் தொகை அவர்களுடைய எத்தனை மாத ஊதியம் என்பதும் ஐ.நா. அளக்கும் குறியீடுகளில் ஒன்று. மொழி தடையாயிருக்குமே என்று அஞ்ச வேண்டாம். இரண்டு ஆண்டு இங்கே இருந்த எந்தத் தொழிலாளியும் நம்மைவிட நன்றாக இத்தீவின் கிரியோல் மொழி பேசுவார். பலகைக்குச் சுண்ணக்கட்டி வாங்கும் செலவை இந்தப் பகுதியின் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.